தித்லி புயலும் எங்கள் மால்டோ பயணமும்

2018 அக்டோபரில் எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) மிஷனெரி ஜெபக்குழு ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்துக்குப் போய் வந்தது. போட்ட திட்டத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. மருத்துவ முகாம் இல்லை, சிறுவர் முகாம் இல்லை, புதிதாகக் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டைக்கும் நாங்கள் போய்ச் சேரவில்லை. ஆனாலும் என் விசுவாசத்தை இந்த அளவுக்கு அசைத்து, பிறகு உறுதியாக்கிய பயணம் வேறு இல்லை.

இதைச் சபைகளில் சொல்லும்போதெல்லாம், "பாருங்க, கர்த்தர் புயலை அனுப்பி உங்களை எவ்வளவு அருமையா நடத்தியிருக்கார்!" என்று யாராவது முடித்துவைப்பார்கள். அந்த வாக்கியத்துக்கு மட்டும் என்னால் ஆமென் சொல்ல முடிவதில்லை. ஏன் என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பணித்தளங்களுக்குக் கிளம்பும் குழுக்களுக்கு உதவுகிற சில காரியங்களும் இதில் உண்டு.

ராஜ்மகால் மலையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கங்கை பீகாரைத் தாண்டி வங்காளத்துக்குள் திரும்புகிற இடத்தில், ஆற்றை ஒட்டி நிற்கிற உயரம் குறைந்த மலைகள் அவை. அந்த மலைகளின் மேல் சின்னச் சின்ன ஊர்களாக வாழ்கிறவர்கள் மால்டோ மக்கள். அரசாங்கப் பதிவில் பகாடியா என்று இருக்கும். மிகவும் நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் இருக்கிறார்கள். சரிவில் காட்டைத் திருத்தி மக்காச்சோளமும் தட்டைப்பயறும் போடுவார்கள். மலேரியாவும் காலா அசார் என்கிற கருங்காய்ச்சலும் அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உயிர்களை வாங்கியிருக்கின்றன. அவர்கள் பேசும் மால்டோ, நம் மொழிக்கு உறவான திராவிட மொழி. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே ராஜ்மகால் மொழியைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று அறிந்தபோது, இத்தனை வருடம் நம் பக்கத்து ஆள் எழுதிவைத்ததைத் தெரியாமல் இருந்தோமே என்று இருந்தது.

திருநெல்வேலிக்காரர்கள் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே, வெளி மாநிலத்து ஊழியத்துக்கென்று வீட்டில் கைப்பிடி அரிசி எடுத்துவைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அப்படி எங்கள் குழு தாங்குகிற ஒரு மிஷனெரிக் குடும்பம் அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது. கணவனும் மனைவியும் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். நான் அவர்களை அண்ணன், அக்கா என்றே எழுதுகிறேன்.

டாக்டர் ஒருவர், நர்ஸ்கள் இருவர், வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் சிலர், எங்கள் ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்), நான், என் கணவர். இதுதான் குழு. மருந்துப் பெட்டிகள், கண்ணாடிகள், சிறுவர் முகாமுக்கான படங்கள், அக்கா வீட்டுக்குக் கருப்பட்டி, சாம்பார்ப் பொடி, அப்பளம். நெல்லையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ஹவுரா, ஹவுராவிலிருந்து பர்ஹர்வா. மூன்று ரயில்களையும் அடுத்தடுத்து கோர்த்து டிக்கெட் எடுத்திருந்தோம். ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், மாலை என்று நேரப் பட்டியல் அச்சடித்து எல்லார் கையிலும் கொடுத்திருந்தார் ஐயர்.

அக்டோபர் 10-ம் தேதி இரவு வண்டி விசாகப்பட்டினத்தில் நின்றது. வங்கக் கடலில் இருந்த தித்லி புயல் ஒடிசா, ஆந்திரா எல்லைப் பக்கம் கரையேறப் போகிறது என்று, விஜயநகரத்துக்கும் குர்தா ரோட்டுக்கும் இடையே ரயில்களை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வண்டி மேற்கொண்டு போகாது என்று தெரிந்தபோது நடுச்சாமம் ஆகியிருந்தது. மறுநாள் அதிகாலையில் புயல் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பலாசா அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகம் என்றார்கள்.

அந்தப் பிளாட்பாரத்தில் எங்களைப்போல நூற்றுக்கணக்கானவர்கள். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் வேலை செய்துவிட்டு பூஜைக்கு ஊருக்குப் போகிற வங்காளத் தொழிலாளிகள்தான் அதிகம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோய்த் தவித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவருடைய பழைய சீட்டைப் பார்த்து, முகாமுக்கு வைத்திருந்த பெட்டியைத் திறந்து அதே மாத்திரையைக் கொடுத்தார். இதில் ஒரு பாடம் உண்டு: உங்கள் சொந்த மாத்திரைகளைத் திட்டத்தில் உள்ள நாட்களுக்கு மேலும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துவையுங்கள். பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வையுங்கள். டாக்டர் எழுதிய சீட்டை செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று என் கணவர் அரைகுறை இந்தியில் ஒரு பையனிடம் கேட்டார். அவன், "அந்தக் கடைசில குழாய் இருக்குதுங்க, வாங்க, நான் புடிச்சுத் தர்றேன்" என்றான். அசல் கொங்குத் தமிழ். முகத்தைப் பார்த்தால் வடநாட்டுப் பையன். எந்த ஊர் தம்பி என்று கேட்டோம். சாகிப்கஞ்ச் மாவட்டம் என்றான். பகாடியா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறான்.

கையில் வைத்திருந்த ஜெப அட்டையை ஐயர் எடுத்துக் காட்டினார். மால்டோ மக்களுக்காக ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாங்கள் ஜெபிக்கிற அட்டை. மலையும், கூரை வீடுகளும், சில பிள்ளைகளும் இருக்கிற படம். அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க மலைங்க" என்றான். அப்புறம் தானும் விசுவாசிதான் என்றான். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ச் சபைக்குப் போவானாம். பாஷை பாதி புரியும், பாட்டு முழுதும் புரியும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவானாம். "மூணு வருசமாப் போறேங்க. ஊரு எதுன்னு யாரும் கேட்டதில்லீங்க." குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னான்.

நாங்கள் யாரும் பேசவில்லை. எந்தச் சபை என்று கேட்கவும் தோன்றவில்லை, எங்கள் சபையாகவும் இருந்திருக்கலாம். எங்கள் ஊரிலேயே கட்டட வேலைக்கும் சூளை வேலைக்கும் வந்திருக்கிற ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைத் தாண்டித்தான் நாங்கள் ரயில் ஏறியிருந்தோம்.

விடிந்ததும் ஸ்டேஷன் அருகே குடியிருந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தார், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்து பெண்களை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். குளித்து, சுடுசோறு சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துத் தூங்கினோம். ஆண்களுக்கு அந்த அம்மா பாத்திரத்தில் புளிசாதம் கட்டிக் கொடுத்தனுப்பினார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. பவுல் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் ஒதுங்கியதைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில், "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல" என்று வரும். அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எப்போதும் பவுல் செய்த அற்புதங்களைப் பார்த்தே வாசித்துப் பழக்கம். பாம்பு கடித்ததும், தீவின் தலைவனான புபிலியுவின் தகப்பன் குணமானதும்தான் மனதில் நிற்கும். அதற்கெல்லாம் முன்னால் நனைந்துபோய், கையில் ஒன்றுமில்லாமல், ஊர்க்காரர்கள் மூட்டிய நெருப்பில் அவர் குளிர்காய்ந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊழியத்துக்குப் போகிறவன் முதலில் வாங்கிக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது. கொடுத்தே பழகிய எங்களுக்கு அது லேசாக வரவில்லை. எங்களோடு வந்த ஒரு நர்ஸ் அக்கா அந்த அம்மாவிடம் பணம் நீட்டினார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனதைப் பார்த்துவிட்டு அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

டாக்டருக்கு விடுப்பு குறைவு. பாதை எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாததால் அவர் அங்கிருந்தே ஊர் திரும்பினார். மருத்துவ முகாம் அதோடு போயிற்று. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னபோது அவர், "சரி, நீங்க பத்திரமா வாங்க, அது போதும்" என்றார். அந்தக் குரலில் ஏமாற்றத்தைவிட வேறு ஏதோ ஒன்று கேட்டது. என்ன என்று அப்போது புரியவில்லை.

பாதை திறந்தபின் கிடைத்த வண்டியில், முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினோம். அந்தப் பையன்தான் முண்டியடித்துப் போய் பெண்களுக்கு இடம் போட்டான். ஸ்ரீகாகுளத்தைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அந்தப் பக்கத்துக்கு உத்தானம் என்று பெயர். தென்னையும் முந்திரியுமாகப் பச்சை மாறாத பூமி. அந்தத் தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்து, வேரோடு, வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒரு தோப்பின் நடுவில் ஒருவர் விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒடிசாவில் கஜபதி மாவட்டத்து பாரகரா கிராமத்தில் மண் சரிந்து பலர் உயிரோடு புதைந்தார்கள் என்ற செய்தியும் அதற்குள் வந்திருந்தது.

"கர்த்தர் நமக்காகப் புயலை அனுப்பினார்" என்று சொல்ல என் நாக்கு எழாததற்குக் காரணம் அந்தத் தோப்புதான். எங்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க அந்த மனிதனுடைய வாழ்வாதாரத்தை ஆண்டவர் சாய்த்தார் என்று நான் நம்பவில்லை. அப்படிப்பட்ட ஆண்டவரை நான் அறியவும் இல்லை. புயலில் அகப்பட்ட எங்களோடு அவர் இருந்தார், அந்தத் தோப்புக்காரரோடும் இருந்தார் என்று நம்புகிறேன். எங்களுக்கு வந்த ஆசீர்வாதம் நிஜம். அதற்கு விலையாக அடுத்தவர் வீட்டு இழவைக் காட்ட வேண்டியதில்லை. சாட்சி சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அன்று பெட்டியில் ஐயர் ஜெபம் செய்தார். எங்கள் பயணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, அந்த மாவட்டத்து ஜனங்களுக்காக மட்டும் ஜெபித்தார்.

ஹவுரா சேர்ந்தபோது எங்கள் அடுத்த ரயில் போய் நாட்கள் ஆகியிருந்தன. துர்கா பூஜைக் கூட்டம். எதிலும் இடமில்லை. பையன் அவனுடைய ஊர்க்காரர்களோடு அன்றிரவே பொதுப்பெட்டியில் நின்றுகொண்டே போய்விட்டான். போகும்முன் எந்த வண்டி, ராம்புர்ஹாட் வழியா வேறு வழியா, பர்ஹர்வாவில் எந்தப் பக்கம் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும் என்பதையெல்லாம் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். எங்களுக்கு மறுநாள் இரவுதான் வழி கிடைத்தது.

இடையில் கிடைத்த பகலில் லோக்கல் ரயில் ஏறி செராம்பூர் போனோம். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரி வாழ்ந்து மரித்த ஊர். அவரும் அவருடைய தோழர்களும் 1818-ல் தொடங்கிய கல்லூரி இன்னும் கங்கைக் கரையில் நிற்கிறது. செராம்பூர் டேனிஷ்காரர்களின் ஊராக இருந்தது. நம் தரங்கம்பாடியும் அவர்களுடையதுதான். இரண்டையும் 1845-ல் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவை வரவேற்க ஆளில்லை, பிறகு சிறையிலும் வைத்தார்கள். மிஷனெரி வரலாற்றில் திட்டப்படி நடந்த பயணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேரியின் கதை இன்னும் நெருக்கமானது. 1793-ல் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும்முன்பே இறக்கிவிட்டார்கள். அவர் மனைவி டாரதி கர்ப்பிணி, வர மாட்டேன் என்று ஊரிலேயே தங்கியிருந்தார். கப்பல் தவறியதால் கேரி வீடு திரும்பினார். அதற்குள் குழந்தையும் பிறந்திருந்தது. தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி சம்மதித்தார். ஜூன் மாதம் ஒரு டேனிஷ் கப்பலில் குடும்பமாகக் கிளம்பி நவம்பரில் வங்காளம் வந்து சேர்ந்தார்கள். "கப்பல் தவறியதால்தான் குடும்பம் சேர்ந்தது, பாருங்கள் ஆண்டவரின் வழிகளை" என்று இதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிரசங்கங்கள் அதோடு நின்றுவிடும். வந்த மறுவருடமே அவர்களுடைய சின்ன மகன் பீட்டர் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கண்டு இறந்தான். டாரதிக்குச் சித்தம் கலங்கியது. அது தெளியாமலேயே 1807-ல் செராம்பூரில் மரித்தார். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரையில் கப்பல் தவறியது ஆசீர்வாதமா? எனக்குத் தெரியாது. கேரி செய்த வேலையின் பெருமை குறையவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. கல்லூரியின் முன்னால் நின்றுகொண்டு நானும் என் கணவரும் டாரதியைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினோம். மிஷனெரியின் மனைவியைப் பற்றி நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று அது மனதில் விழுந்திராவிட்டால், அடுத்து அக்கா வீட்டில் கண்டதை நான் கவனித்திருப்பேனா என்பது சந்தேகம்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கையில் ஒரு நிகழ்ச்சியும் மிச்சமில்லை. பிரதிஷ்டை முடிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பண்டிகை விடுமுறைக்கு அவரவர் மலைக்குப் போய்விட்டார்கள். டாக்டர் இல்லை. திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. ஐயர் கையிலிருந்த அந்த நேரப் பட்டியலை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டார்.

முதல் நாள் அக்கா சமையலறையை விட்டு வரவேயில்லை. நான் உள்ளே போனால், "நீங்க உக்காருங்க, பிரயாணத்துல வந்திருக்கீங்க" என்பார். வெந்நீர் வைத்தார், மினரல் வாட்டர் கேன் வாங்கி வைத்திருந்தார், எங்களுக்கென்று புதுத் தலையணை உறை. மறுநாள் காலையில் நான் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை, வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தேன். சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார் அக்கா. கொஞ்ச நேரம் மூடவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தார்.

எத்தனை குழுக்கள் வந்திருக்கின்றன என்று சொன்னார். எல்லாரும் நல்லவர்கள், அன்பானவர்கள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். வண்டி, தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர், கிராமத்துக்கு முன்கூட்டியே தகவல், சாப்பாடு. அவர்கள் போனபிறகு களைப்புத் தீர இன்னொரு வாரம். "வர்றவங்க எங்களைப் பத்தி ரிப்போர்ட்டுக்குக் கேப்பாங்க. எத்தனை கிராமம், எத்தனை சபை, எத்தனை ஞானஸ்நானம். நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கோம், ஸ்தோத்திரம்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல முடியும்? அடுத்த நிமிஷம் ஜீப் கிளம்பிரும்." பிள்ளைகள் இருவரும் தூரத்தில் ஹாஸ்டலில் படிக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது, பாட்டிக்கு ஒரு கடிதம் எழுத முடியவில்லை என்று சொல்லும்போதுதான் அழுதார். அண்ணனுக்கு மூளை மலேரியா வந்து நினைவில்லாமல் கிடந்த இரவைப் பற்றியும் சொன்னார். அந்தச் செய்தி எங்கள் ஜெபக்குறிப்பில் வந்தது எனக்கு நினைவிருந்தது. ஒரே ஒரு வரி: "சகோதரரின் சுகத்துக்காக ஜெபிக்கவும்." அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண் தனியாக, கரண்ட் இல்லாத வீட்டில், விடியும்வரை ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

போனில் அண்ணன் குரலில் கேட்டது என்ன என்று அப்போது புரிந்தது. மருத்துவ முகாம் ரத்து என்றதும் அவருக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கிறது. பிறகு அவரே சொன்னார், எங்கள் மனம் நோகக்கூடாதென்று சுற்றிச் சுற்றி.

அந்த நாட்களில் நாங்கள் செய்தவை மிகச் சாதாரணம். வாலிபர்கள் கிணற்றடியைக் கழுவினார்கள், ஒழுகின கூரைத் தகரத்தை மாற்றினார்கள். என் கணவர் அண்ணனோடு நடந்து நடந்து பேசினார். ராத்திரியில் பழைய கீர்த்தனைகள் பாடினோம். அக்காவுக்கு எல்லாச் சரணமும் மனப்பாடம். மத்தியானத்தில் அவர் தூங்கினார். நாங்கள் இருக்கும்போது மத்தியானம் தூங்கினார் என்பதை நான் பெரிய கௌரவமாக நினைக்கிறேன்.

ஒரு நாள் மலை ஏறினோம். அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்: கூட்டம் போட வேண்டாம், நோட்டீஸ் கொடுக்க வேண்டாம், கேட்காமல் யாரையும் படமெடுக்க வேண்டாம். ஜார்க்கண்டில் 2017-லிருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. நாம் இரண்டு நாளில் போய்விடுவோம், நாம் செய்துவைத்ததற்கு அங்கே இருக்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இது சட்டத்துக்குப் பயந்து சொல்கிற பேச்சு மட்டும் அல்ல. விருந்தாளியாகப் போகிறவர்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பதுதான் மரியாதை.

மேலே ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து அவித்த தட்டைப்பயறு கொடுத்தார்கள். மண் சுவரில் விரிசல்கள். அந்த விரிசல்களில்தான் மணல் ஈ இருக்கும் என்று அண்ணன் காட்டினார். அது கடித்துத்தான் காலா அசார் பரவுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், மெலிந்துபோன உடம்பு, மண்ணீரல் வீங்கி முன்தள்ளிய வயிறு. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் சாவுதான். சிகிச்சை இருக்கிறது, அரசாங்கம் வீடுகளுக்கு மருந்தும் அடிக்கிறது. கஷ்டம் எங்கே என்றால், காய்ச்சல்காரரை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில். கட்டிலோடு தூக்கி வர ஆள் வேண்டும், வண்டிக்காசு வேண்டும், கூடத் தங்குகிறவருக்கு அந்த நாட்களில் கூலி போய்விடும். ஒரு நாள் முகாம் போட்டு இதைத் தீர்க்க முடியாது என்று எங்கள் நர்ஸ் அக்காவே சொன்னார். மருந்துப் பெட்டிகளை அங்குள்ள கிளினிக்கில் ஒப்படைத்தோம். முகாம் சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த பணத்தை நோயாளிகளின் வண்டிச் செலவுக்குக் கொடுத்துவிட்டோம்.

இனி, கிளம்புகிறவர்களுக்கு. ரயில்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கோர்க்காதீர்கள். வங்கக் கடலோரம் போவதானால் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் நடுவே ஒரு முழு நாளாவது விடுங்கள். இப்போது இரண்டு ரயில்களின் பிஎன்ஆரை இணைத்துவைக்கும் வசதி இருக்கிறது, 2019 ஏப்ரலில் வந்தது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால் பணம் திரும்பக் கிடைக்க அது உதவும். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் பெயர் விவரம் ஒரேமாதிரி இருக்க வேண்டும். நடுவழியில் வண்டி நின்றுபோனால் ஸ்டேஷனிலேயே விசாரித்து டிடிஆர் (டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்யுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு. கொசுவலை எடுத்துப் போகிறீர்களென்றால் மருந்து தோய்த்த வலையாக இருக்கட்டும். மணல் ஈ கொசுவைவிடப் பொடிசு, சாதாரண வலைக்குள் நுழைந்துவிடும். மலேரியாவுக்கு முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் எங்கே போயிருந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நம் ஊர் டாக்டருக்குக் காலா அசார் ஞாபகத்துக்கு வராது.

குழுவில் யாராவது பாதியில் திரும்ப வேண்டிவந்தால் யார் போவது, காணிக்கைப் பணம் யார் கையில், வீட்டுக்குத் தகவல் சொல்வது யார் என்பதைக் கிளம்பும்முன்பே பேசிவையுங்கள். பிளாட்பாரத்தில் தூக்கமில்லாமல் நிற்கும்போது இதைப் பேசினால் மனஸ்தாபம்தான் வரும். டாக்டர் திரும்பிப் போனதில் எங்களுக்குள் வருத்தம் வராததற்கு, ஐயர் முன்கூட்டியே "யார் எப்போ திரும்பினாலும் யாரும் கேள்வி கேக்கக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்ததே காரணம்.

ஊர் வந்தபிறகு அந்தத் திருப்பூர்ப் பையனோடு பேச்சு விடவில்லை. தங்கச்சி கல்யாணப் படங்கள் அனுப்பினான். அவன் போகிற சபையின் போதகரை எங்கள் ஐயர் போனில் பிடித்துப் பேசினார். இப்போது அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இந்தியில் ஒரு சிறு கூடுகை நடக்கிறது. மால்டோப் பாட்டுகளும் பாடுகிறார்களாம். எங்கள் ஊரில் கட்டட வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளை நாங்களும் தேடிப்போய்ப் பார்க்கிறோம். பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. கூலி பாக்கி, ஆஸ்பத்திரி, ஆதார் அட்டை என்று அவர்களுக்கு உள்ள தேவைகளில் எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்.

அடுத்த பயணத்துக்கு அக்காவுக்குப் போன் செய்து, என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று கேட்காமல், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார். புளி, கட்டிப் பெருங்காயம், பிள்ளைகளுக்குத் தமிழ் அரிச்சுவடியும் கோடு போட்ட நோட்டும், மலைமேல் கொடுக்க மருந்து தோய்த்த கொசுவலைகள். பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் வரமுடியுமா என்றும் கேட்டார். அந்தத் தேதிகளுக்கே டிக்கெட் எடுத்திருக்கிறோம், ஹவுராவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. டாக்டரும் வருகிறார்.